பீரங்கித் துளையா, ஞாயிலா, சாளரமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்டாக்ஹோமில் உள்ள வாசா போர்க்கப்பலைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பீரங்கியை வெளியே நீட்டுவதற்காகக் கப்பலின் பக்கத்தில் வெட்டி, மேலே தூக்கும் மூடி போட்ட திறப்புக்கு என்ன சொல்லலாம்? 'பீரங்கித் துளை' என்று எழுதி வைத்திருக்கிறேன். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்தில் சுமார் 1,300 மீட்டர்தான் போயிருக்கும். காற்றில் சாய்ந்தது, கீழ்த்தட்டில் திறந்திருந்த இவற்றின் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. கதைக்கே ஆதாரமான சொல் என்பதால் கேட்கிறேன்.

*

> பீரங்கித் துளை

அம்மா, துளை என்றால் பிள்ளைகள் ஓட்டைக் கப்பல் என்று நினைப்பார்கள். நம்மிடம் 'ஞாயில்' இருக்கிறதே! சிலம்பின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளை அடுக்கிவிட்டு, 'ஞாயிலுஞ் சிறந்து நாட்கொடி நுடங்கும்' என்கிறார் இளங்கோ. வீரர் மறைந்து நின்று தாக்கும் இடம். 'கப்பல் ஞாயில்' என்றே வைக்கலாம். பீரங்கியும் வேண்டாம், பறங்கியோடு வந்த சொல்.

*

ஐயா, ஞாயில் மதிலின் உச்சியில் இருப்பது. வாசாவில் கீழ்வரிசைத் திறப்புகள் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்ததுதான் வினை. 64 பீரங்கிகள், இரண்டு தட்டுகள். அடியில் சுமார் 120 டன் கல் பாரம் போட்டும் கப்பல் நிலைகொள்ளவில்லை. புறப்படும் முன்பே 30 பேரைத் தட்டின் குறுக்கே இங்குமங்கும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கவிழ்ந்துவிடும் என்று பயந்து மூன்றாவது ஓட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஞாயிலுக்கு அகராதியைத் தேடிப் போக வேண்டுமா? ஜன்னலும் அலமாரியும் போர்த்துக்கீசியர் தந்தவைதான், தமிழாகவே புழங்குகின்றன. பீரங்கி இருக்கட்டும். 'பீரங்கிச் சாளரம்' என் பரிந்துரை.

*

'பீரங்கி வாய்' சுருக்கமாக இருக்குமே?

*

குண்டு வெளியேறும் குழல்முனையைத்தான் பீரங்கி வாய் என்கிறோம். குழம்பும்.

*

சரி, சாளரத்துக்கு நான்கு பேர், ஞாயிலுக்கு இருவர். நேரமில்லை, 'பீரங்கிச் சாளரம்' என்றே அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

*

என் மறுப்பு பதிவாகட்டும். சாளரம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் திறப்பது. இது போருக்குத் திறப்பது. வாசாவின் மூடிகளில் உட்புறமாகச் சிங்கமுகம் செதுக்கியிருக்கிறார்கள். மூடி எழும்போதுதான் எதிரிக் கப்பலுக்கு அந்த முகம் தெரியும். இந்த மிடுக்கு 'சாளரம்' என்ற சொல்லில் இல்லை. அடிக்குறிப்பிலாவது ஞாயிலைச் சேருங்கள் அம்மா.