பழைய பிவிஎஸ்-14 இரவுப்பார்வைக் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: இங்கே அமெரிக்காவில் தனியாளிடம் ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) டியூப், அதாவது மங்கிய வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் குழாய், போட்ட பிவிஎஸ்-14 விலைக்கு வருகிறது. என்ன சோதிக்கணும்?

பதில்: டியூபின் சீரியல் எண்ணும் டேட்டா ஷீட்டும் (அந்த டியூபின் சோதனை அளவுகள் உள்ள தாள்) ஒத்துப்போகணும். வேறு டியூபின் ஷீட்டைக் காட்டி விற்பது பழைய தில்லுமுல்லு. அப்புறம் இருட்டறையில் லென்ஸ் மூடியை மாட்டியே ஆன் பண்ணுங்க. அப்போதும் பளிச்சென்று ஒரு புள்ளி விடாமல் எரிந்தால் அது எமிஷன் பாயின்ட் என்கிற டியூப் கோளாறு, வாங்காதீங்க. சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால் தப்பில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பதில்: பகலில் மூடியைக் கழற்றி ஆன் பண்ணிடாதீங்க, டியூபில் தீத்தழும்பு விழும். மூடியில் இருக்கும் ஊசித்துளையே போதும்.

பதில்: தபாலில் வாங்கினால், இன்றைய தேதி எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்க. பேபாலில் 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' (தெரிந்தவர்களுக்குப் பணம் அனுப்பும் முறை) என்றால் பணம் போனது போனதுதான். ஊருக்குக் கொண்டுபோகும் யோசனையே வேண்டாம். உரிமமில்லாமல் நாடு தாண்டினால் ஐடார் (அமெரிக்க ராணுவத் தளவாட ஏற்றுமதி) விதிப்படி குற்றம்.