தலைக்காயத்துக்குப் பின் குரல் பாதியில் தேய்கிறது – அழுத்திக் கத்தும் பயிற்சி தரலாமா?

மருதம்:
தலைக்காயத்துக்குப் பின் மறுவாழ்வுப் பயிற்சியில் இருப்பவர். சொல்வது புரிகிறது, வார்த்தையும் வருகிறது. ஆனால் வாக்கியம் முடிவதற்குள் குரல் தேய்ந்துவிடுகிறது. நாற்காலியை இரு கையாலும் அழுத்திக்கொண்டு "ஆ" என்று கத்தும் பயிற்சியை நாளுக்கு எத்தனை முறை தரலாம்?

குரல்நாண்:
எண்ணிக்கை அப்புறம். குரல் எப்படி இருக்கிறது? காற்று கசிந்து கிசுகிசுப்பாக இருந்தால் குரல்நாண்கள் முழுதாக மூடவில்லை. அழுத்தும் பயிற்சிக்கு இடமுண்டு. நெரித்துப் பிடித்தாற்போல் வந்தால் அது தசை இறுக்கம். அங்கே அழுத்தச் சொன்னால் இறுக்கம் இன்னும் கூடும். கொட்டாவி விடச் சொல்லி, அந்தத் தளர்விலேயே பெருமூச்சோடு "ஹா" என்று தொடங்க வையுங்கள். எதுவானாலும் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்கோப் வைத்துப் பார்த்த பிறகுதான். ஐசியூவில் போட்ட சுவாசக் குழாயே குரல்நாணைப் புண்ணாக்கியிருக்கலாம். அதற்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை.

நித்திலம்:
மூச்சையும் சோதியுங்கள். உயரமான டம்ளரில் தண்ணீர், ஸ்ட்ராவின் நுனி நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே. 5 விநாடி விடாமல் குமிழி வந்தால் பேச்சுக்கு வேண்டிய காற்றழுத்தம் இருக்கிறது. வராவிட்டால் உடனே நெஞ்சுத் தசையைக் குறை சொல்லாதீர்கள். மூக்கைப் பிடித்துவிட்டு மறுபடி ஊதச் சொல்லுங்கள். இப்போது வந்தால் மெல்லண்ணம் (அண்ணத்தின் மென்மையான பின்பகுதி) சரியாக மூடாமல் காற்று மூக்கு வழியே போகிறது. விழுங்கச் சிரமப்படுபவர் என்றால் இந்தச் சோதனை வேண்டாம். தவறி உறிஞ்சிவிட்டால் புரையேறும்.

மருதம்:
டிரக்கியாஸ்டமி குழாய் (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் வைத்தது) இன்னும் எடுக்கவில்லை. அதைச் சுற்றி மூச்சுக்குழாயை அடைக்கும் கஃப் பலூனில் காற்றை இறக்கியாயிற்று. குழாயின் வெளிவாயில் மாட்டும் பேச்சு வால்வு கிடையாது.

குரல்நாண்:
பிறகென்ன, காற்றில் பெரும்பங்கு கழுத்து வழியாகவே போய்விடுகிறது! குரல் தேய அதுவே போதும். ஸ்ட்ரா சோதனையும் இந்த நிலையில் பொய்யாகத்தான் காட்டும். முதலில் வால்வு போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வால்வு உள்மூச்சை மட்டுமே விடும். வெளிமூச்சு குழாயைச் சுற்றித் தொண்டை வழியாகப் போயாக வேண்டும். கஃப் ஊதியிருக்கும்போது அதைப் போட்டால் மூச்சு வெளியேற வழியே இல்லை, உயிருக்கே ஆபத்து. குழாய் தடிமனாக இருந்தாலும் திணறுவார். முதல் தடவை ஆக்சிமீட்டரோடு சில நிமிடங்கள் போதும்.

நித்திலம்:
அதன் பிறகு சத்தத்தை அளக்கும்போது மீட்டரை எப்போதும் வாயிலிருந்து 30 செ.மீ. தூரத்திலேயே வையுங்கள். தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறைவாகக் காட்டும். குரல் தளர்ந்துவிட்டதாக நினைத்து வீணாகக் கத்த வைப்பீர்கள்.