தைலமரத் துளிரில் முடிச்சு: மருந்தடிப்பதா, விட்டுவிடுவதா?

மாலூர்க்காரன்: அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் மாலூர் பக்கம் இருக்கிறது. ஞாயிறுதோறும் பெங்களூரு அல்சூரிலிருந்து போய்ப் பார்த்து வருகிறேன். போன வருடம் தைலமரத்தை வெட்டி விற்றோம். அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிரெல்லாம் இப்போது முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இலையின் நடுநரம்பிலும் காம்பிலும் முடிச்சு முடிச்சாக வீக்கம். சில பச்சை, சில இளஞ்சிவப்பு. கடைக்காரர் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தும் பயனில்லை. வேறு என்ன அடிக்கலாம்?

எலகங்கா கிணறு: ஒன்றும் அடிக்காதீர்கள். எங்கள் தாத்தா தோண்டிய கிணற்றில் இன்று கல்லைப் போட்டால் 'டங்' என்கிறது. சுற்றிலும் தைலத்தோப்பு. 2017இல் புதிதாக நடக்கூடாதென்று கர்நாடக அரசே தடை போட்டது. சட்டத்தால் முடியாததைப் பூச்சியாவது முடிக்கட்டும்.

மாலூர்க்காரன்: நான் நடவில்லை ஐயா, தானாகத் துளிர்த்தது. அந்த மரம் விற்ற பணத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை விவசாயிக்கு ராகி வருமா?

அல்சூர் அத்தை: கொசு வராதென்று தைலத்தைத் தடவச் சொல்கிறார்கள். அந்த மரத்துக்கே பூச்சியா?

இலைக்கண்: அத்தை, அது மரத்தோடு ஆஸ்திரேலியாவிலேயே பழகிய பூச்சி. தைல வாசனையெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. பெயர் லெப்டோசைபி இன்வேசா. ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் குளவி.

மாலூர்க்காரரே, மருந்து ஏன் பலிக்கவில்லை என்று தெரிய வேண்டுமானால் ஒரு முடிச்சைப் பிளேடால் பிளந்து பாருங்கள். உள்ளே சின்ன அறை, அறைக்குள் காலில்லாத வெள்ளைப் புழு. நீங்கள் அடித்தது இலையின் மேல்தோலை நனைத்ததோடு சரி. முட்டையிலிருந்து குளவியாக வெளியேற ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். அதுவரை அது கோட்டைக்குள் இருக்கிறது. ஆண் இல்லாமலேயே பெண் முட்டையிடும் என்பதால் ஒன்று தப்பினாலும் மறுபடி முதலிலிருந்துதான். இந்தப் புழுவை அழிக்கும் இன்னொரு குளவி உண்டு, குவாட்ராஸ்டிகஸ் மெண்டலி. உங்கள் மருந்தில் முதலில் சாவது வெளியே பறக்கும் அதுதான்.

எலகங்கா கிணறு: ஆக, நீங்களும் தைலத்தைக் காப்பாற்றத்தான் வந்தீர்களா?

இலைக்கண்: உங்கள் கணக்கும் தப்பு ஐயா. இந்தக் குளவி வளர்ந்த மரத்தைச் சாகடிப்பதில்லை. நாற்றங்கால் கன்றும் இளந்துளிரும்தான் அதன் இலக்கு. துளிர் குட்டையாகி நிற்கும்; கீழே வேர் உயிரோடுதான் இருக்கும். விறகும் தேறாது, தண்ணீர் குடிப்பதும் நிற்காது. தோப்பு போக வேண்டுமென்றால் கட்டையைத்தான் பிடுங்க வேண்டும்.

எலகங்கா கிணறு: அது உண்மையென்றால் என் கட்சி இன்னும் பலமாகிறது. பிடுங்கட்டும்.

அல்சூர் அத்தை: பிடுங்கும் கூலியை யார் கொடுப்பது, கிணறா?

மாலூர்க்காரன்: ஒடித்து வந்த காம்பைச் சமையலறையில் வைத்துப் பிளந்தேன். ஐந்து முடிச்சு. மூன்றில் புழு நெளிந்தது. இரண்டில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை, உள்ளே காலி. மனைவி அந்தப் பலகையை இனிமேல் தொடமாட்டேன் என்கிறாள். மருந்தை நிறுத்திவிட்டேன். எலகங்கா ஐயா, கட்டை பிடுங்க ஜேசிபிக்கு மணிக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? எங்கள் நிலத்துக் கிணற்றை ஒட்டிய அரை ஏக்கருக்கு மட்டும். மீதி ஒரு ஏக்கரைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.