விளையாட்டு மீட்டும் தேர்வும் ஒரே வாரத்தில் வந்தபோது என்ன செய்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம்_லேன்:

பல்கலைக்கழக அணிக்காக 800 மீட்டர் ஓடிக்கொண்டே இயந்திரப் பொறியியல் படித்தவன் நான். படிப்பு முடிந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது அதே அணியில் இருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கூப்பிட்டு, "அண்ணா, மீட் நடக்கிற வாரத்திலேயே எனக்குத் தேர்வும் இருக்கு, கோச்சிடம் சொன்னால் ரிலேயிலிருந்து தூக்கிவிடுவாரோ?" என்று கேட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டாம் ஆண்டில் இதே கேள்வி எனக்கும் இருந்தது, ஆனால் நான் அதை யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு ஒரு வருடத்தை விலையாகக் கொடுத்தேன்.

அப்போது வாரத்துக்கு ஆறு நாள் காலை ஐந்தேகாலுக்கு டிராக்கில் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு வகுப்பு, மாலையில் லேப் இல்லாத நாட்களில் மறுபடியும் ஜிம். கோச் எப்போதாவது "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்பார். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லை சார்" என்பேன். வெப்பப் பரிமாற்றப் பாடம் எடுத்த பேராசிரியரிடம், மீட்டுக்காக லேப்பைத் தவறவிட்ட ஒவ்வொரு முறையும் காய்ச்சல் என்றேன். மூன்று முறை. ஒருவரிடம் படிப்பை மறைத்தேன், இன்னொருவரிடம் ஓட்டத்தை மறைத்தேன். இரண்டு பேருமே என்னை முழு மனதோடு இருப்பவனாகப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம்.

அந்த வருட மீட்டில் 800 மீட்டர் ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று, வியாழக்கிழமை, இறுதிச் சுற்று வெள்ளி. அதே வெள்ளிக்கிழமை காலையில்தான் வெப்பப் பரிமாற்றப் பாடத்தின் இன்டர்னல் தேர்வு. ஹீட்ஸ் ஓடி முடித்துவிட்டு இரவுப் பேருந்தில் திரும்பித் தேர்வு எழுதிவிட்டு, மதியத்துக்குள் மறுபடியும் போட்டி நடக்கும் ஊருக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. புதன் இரவு, எல்லாரும் தூங்கிய பிறகு ஃபோன் வெளிச்சத்தில் அந்தப் பாடத்தின் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தேன், இரண்டரை மணி வரை. மறுநாள் முதல் 400 மீட்டர் 55 வினாடியில் போனது, சரியான வேகம்தான். 600 மீட்டரைத் தாண்டியதும் தொடை இரண்டும் ஈரச் சிமெண்டு போல ஆகிவிட்டது. தோள் காது வரை ஏறிக்கொண்டது, கை தனியாக ஆடுகிறது, கால் தனியாக ஓடுகிறது. இரண்டாவது 400 மீட்டர் 63 வினாடி. மொத்தம் 1:58. என் சிறந்த நேரம் அப்போது 1:54.6. ஹீட்ஸிலேயே வெளியே.

சரி, தேர்வாவது மிஞ்சும் என்று நினைத்தேன். இரவுப் பேருந்து வழியில் பழுதாகி நின்றது. நான் கல்லூரி போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்திருந்தது. பேராசிரியர் அறைக்குப் போய் வழக்கம்போலக் காய்ச்சல் என்று ஆரம்பித்தேன். அவர் மேசையில் மீட் முடிவுகளின் அச்சுப்படி இருந்தது, என் பெயருக்கு நேரே 1:58. அவர் திட்டவில்லை. அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் உனக்கு மட்டும் திங்கட்கிழமை தேர்வு வைத்திருப்பேனே. இப்போது என்னால் முடியாது" என்றார். அந்தப் பாடம் அரியர் ஆனது. அரியர் இருந்தால் அணியில் இடமில்லை என்பது விதி, அதனால் அடுத்த சீசன் முழுவதும் வெளியே உட்கார்ந்தேன். கோச்சிடம் போய் எல்லாவற்றையும் கொட்டியபோது அவர் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்: "அந்த வாரம் எப்படியும் பயிற்சியைக் குறைத்திருப்பேன், இரண்டு காலை உன்னைத் தூங்கவிட்டிருக்கலாமே."

எனக்கு இன்றுவரை வலிப்பது இதுதான். இரண்டு பேரும் உதவத் தயாராக இருந்திருக்கிறார்கள். நான்தான் கேட்கவில்லை.

எங்கள் கோச்சுக்கு ரோஜர் பேனிஸ்டர் கதை ரொம்பப் பிடிக்கும். லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், 1954 மே 6 அன்று காலை மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்த ஆய்வகச் சாணைக்கல்லில் ஓட்டக் காலணியின் ஸ்பைக் ஆணிகளைத் தீட்டிக்கொண்டு, ரயிலேறி ஆக்ஸ்போர்டு போய், அன்று மாலையே ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர். இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், திறமை இருப்பவன் சத்தமில்லாமல் இரண்டையும் செய்துவிடுவான் என்று. அன்றைக்கு அவருக்காகவே கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே இருவரும் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மூன்றாம் ஆண்டில் தொடக்கத்திலேயே ஒரே தாளில் செமஸ்டர் முழுவதையும் எழுதினேன். தேர்வுகள், லேப், ப்ராஜெக்ட் ரிவ்யூ எல்லாம் சிவப்பு மையில், மீட், முகாம், பயண நாள் எல்லாம் நீல மையில். மூன்று இடத்தில் இரண்டு நிறமும் மோதின. அதே தாளின் நகலைக் கோச்சுக்கும் ஒவ்வொரு பேராசிரியருக்கும் கொடுத்தேன். இரண்டு மோதல்கள் பேசியே தீர்ந்தன. மூன்றாவது தீரவில்லை. ப்ராஜெக்ட் ரிவ்யூவைத் தள்ளிவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள், மீட்டை விட்டுவிட்டேன். வருத்தம் இருந்தது, ஆனால் நாலு வாரம் முன்னாலேயே தெரிந்திருந்ததால் கோச் என் இடத்தில் வேறொருவனைத் தயார் செய்ய முடிந்தது.

உங்களுக்கு எப்படி நடந்தது என்று எழுதுங்கள். அந்தத் தம்பிக்கு இதை அப்படியே காட்டப்போகிறேன்.

நீலத்தொப்பி:

அண்ணா, நீங்கள் சொல்வது உங்களுக்கு நடந்தது. எனக்கு வேறு மாதிரி நடந்தது, அதையும் அந்தத் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். நான் நீச்சல் அணியில் இருந்தவள். இரண்டாம் செமஸ்டரில் கோச்சிடம் போய், வியாழக்கிழமை லேப் இருக்கிறது, அன்று மாலைப் பயிற்சிக்கு வர முடியாது என்று நேர்மையாகச் சொன்னேன். மெட்லே ரிலேயிலிருந்து எடுத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை, பட்டியலில் என் பெயர் இல்லை, அவ்வளவுதான். தொப்பியையும் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு உடை மாற்றும் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் எல்லாக் கோச்சும் காது கொடுத்துக் கேட்பார் என்று எழுதாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், சொன்னதற்காக நான் வருந்தவில்லை. பட்டியலிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கு இரவில் எட்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு வருடம் ஐந்து மணி நேரத்தில் ஓட்டினேன், விரிவுரையில் பேனா கையிலிருந்து நழுவி விழும், நோட்டில் பாதி வரி கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். தூக்கம் சரியான ஆறாவது வாரத்தில், பயிற்சியைக் குறைத்த பிறகும், 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் என் நேரம் குறைந்தது. நம்பவே முடியவில்லை. அப்புறம் தேடிப் படித்தபோதுதான் ஸ்டான்ஃபோர்டு கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை வைத்துச் செய்த ஆய்வு கண்ணில் பட்டது, 2011இல் வெளிவந்தது. ஐந்து முதல் ஏழு வாரம் வரை இரவில் குறைந்தது 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஓட்ட வேகம் கூடியது, ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் உயர்ந்தது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் கிடையாது, அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் நான் என் உடம்பில் பார்த்ததும் அதுவே. படித்தது மனதில் தங்குவதற்கும் அதே தூக்கம்தான் வேண்டும். புதன் இரவு இரண்டரை மணி வரை கணக்குப் போட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த 63 வினாடி எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

பேனிஸ்டர் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் மதிய இடைவேளைக்குள் பயிற்சியை முடித்தவர். இன்று அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பயண நேரம் சேராது, போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரமாகத்தான் கணக்கிடப்படும். அதாவது வரம்பு இருக்கிற இடத்திலேயே உண்மையான சுமை அதைத் தாண்டிப் போகும். வரம்பே இல்லாத நமக்கு எப்படி இருக்கும்? அந்தக் காலத்துக் கதையைக் காட்டி இன்றைய பிள்ளைகளிடம் "உன்னால் ஏன் முடியவில்லை?" என்று கேட்பது அநியாயம்.

வகுப்பறை_பக்கம்:

நான் பாடம் நடத்துபவன், மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு அனுபவம். மூன்றாம்_லேன் தம்பி, உங்கள் பேராசிரியர் அந்தத் தாளைத் திருப்பி வைத்தது எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்களைக் காயப்படுத்துவது நீங்கள் வராதது இல்லை, பொய் சொன்னது.

எனக்கு வந்த மின்னஞ்சல்களில் பாதி, பயணத்துக்கு முந்தின இரவு பதினோரு மணிக்கு வருபவை. "சார் நாளை மேட்ச், தேர்வுக்கு வர முடியாது." அந்த நேரத்தில் வேறு கேள்வித்தாள் தயாரிக்க முடியாது, தேர்வுப் பிரிவில் அனுமதி வாங்க முடியாது, மற்ற மாணவர்கள் கேட்டால் பதில் சொல்லவும் முடியாது. இதற்கு நேர்மாறாக ஒரு கைப்பந்து வீராங்கனை, செமஸ்டரின் இரண்டாவது நாளே வந்தாள். எந்தெந்தத் தேதியில் இருக்க மாட்டாள், அந்த வகுப்புகளில் என்ன பாடம் வரும், அதை எப்போது ஈடுசெய்வாள் என்று அரைப்பக்கத்தில் எழுதி, அடியில் அணி மேலாளரின் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தாள். எனக்கு வேலையே வைக்கவில்லை. "மார்க்கில் சலுகை வேண்டாம் சார், தேதி மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். தேதியை மாற்றுவது எங்கள் கையில் இருக்கிறது, மதிப்பெண்ணை மாற்றச் சொன்னால் எந்த நல்ல ஆசிரியரும் கதவைச் சாத்திவிடுவார்.

கேட்டும் மறுக்கிற ஆசிரியர்கள் உண்டு. அப்போது துறைத் தலைவரிடம் போங்கள், அதே தாளோடு. முன்கூட்டியே கேட்டதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் உங்கள் பக்கம் பேசுவது எங்களுக்கும் எளிது.

இடதுகால்_விங்கர்:

எனக்கு முடிவெடுக்கும் வாய்ப்பே வரவில்லை. மூன்றாம் ஆண்டில் கால்பந்து ஆடும்போது முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தது. யாரும் இடிக்கவில்லை, திரும்பும்போது கால் புல்லில் பதிந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ஒரு சத்தம் கேட்டது, பக்கத்தில் ஓடிய பேக் கூடக் கேட்டதாகச் சொன்னான். அறுவைச் சிகிச்சை, பிறகு ஒன்பது மாதம் பயிற்சி. அந்த ஒன்பது மாதத்தில் ஒருவரும் என்னை விங்கர் என்று கூப்பிடவில்லை, வகுப்பில் யாருக்கும் என் பெயரே தெரியவில்லை, ஏனென்றால் இரண்டரை வருடமாகக் கடைசி பெஞ்சில் தூங்கியவன் நான்.

வைத்தியம் பார்த்த பிசியோ அக்காதான் எரிக் ஹைடன் பற்றிச் சொன்னார். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை வேகச் சறுக்கலின் ஐந்து போட்டியிலும் தங்கம் வாங்கியவர், அப்புறம் படித்து எலும்பு மருத்துவர் ஆனார். முக்கியமான காரியங்களை ஒரே நேரத்தில் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் ஒன்றன்பின் ஒன்றாகவும் செய்யலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நான் அந்த வருடம் பாதிப் பாடங்களை மட்டும் எடுத்து, படிப்பை ஒரு வருடம் நீட்டித்தேன். வீட்டில் சண்டை, அப்பா ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் பட்டமும் வாங்கினேன், கடைசி சீசனில் பதினொரு போட்டியும் ஆடினேன். அவசரப்பட்டு நான்கு வருடத்தில் முடித்திருந்தால் இரண்டில் ஒன்று போயிருக்கும்.

மூன்றாம்_லேன்:

நீலத்தொப்பி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் பதிவில் ஒரு குறை தெரிகிறது. எனக்குக் கிடைத்த கோச் நல்லவர், எல்லாருக்கும் அப்படி அமையாது. இதைத் தம்பியிடமும் மறைக்காமல் சொன்னேன், ரிலே இடம் போனாலும் போகலாம் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "போனால் இப்போதே தெரிந்துவிடும் இல்லையா அண்ணா, மீட்டுக்கு முந்தின இரவு தெரிவதைவிட" என்றான்.

வகுப்பறை_பக்கம் ஐயா சொன்னபடி ஒரு தாள் தயார் செய்திருக்கிறான், மேலாளரின் கையெழுத்து மட்டும் பாக்கி. நாளைக் காலை வார்ம்-அப்புக்கு முன்னால் கோச்சைப் பார்க்கிறான். என்ன ஆனது என்று வந்து எழுதுகிறேன்.