புது கிரிமினல் கோர்ட் மனு: ஐந்தாவது பத்தி வேண்டாம்

அன்புள்ள சொந்தங்களே,

குவைத்திலிருந்து எழுதுகிறேன். மனு வரைவைப் படித்தேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கத்துக்கு இன்னொரு குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் 'நம்ம மாவட்டத்துக்காரரையே மாஜிஸ்திரேட்டாகப் போட வேண்டும்' என்கிற ஐந்தாவது பத்தியை எடுத்துவிடுங்கள்.

ஜங்ஷனில் நடந்த ஒரு பைக் விபத்தைப் பார்த்த பாவத்துக்கு என் சித்தப்பா சாட்சி. வாய்தா நாளில் ரப்பர் பால்வெட்டை விட்டுவிட்டு, தேய்த்த வேட்டியோடு காலை பஸ்ஸைப் பிடிப்பார். மதியம் வரை வராந்தாவில் நிற்பார். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினால், 'அடுத்த மாசம் 17'. அவ்வளவுதான். இப்படி நான்கு தடவை. மாஜிஸ்திரேட்டையும் குறை சொல்ல முடியாது. கேஸ் கட்டுகளுக்குப் பின்னால் அவர் தலைமட்டும்தான் தெரிந்தது என்கிறார்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 9ஆம் பிரிவுப்படி, உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் புது நடுவர் நீதிமன்றம் வரும். அங்கே யார் உட்காருவது என்பது உயர் நீதிமன்றத்தின் கையில். ஆளெடுப்போ உரிமையியல் நீதிபதி பதவிக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வு வழியாக. 2025 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, புதிதாக எழுதுகிறவர்களுக்கு 3 வருட வக்கீல் அனுபவமும் வேண்டும். எம்.எல்.ஏ. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாங்கும் காரியமில்லை.

நம்ம மாவட்டத்துக்காரரே கிடைத்தாலும் நமக்கு வேண்டாம். நம் ஊரில் யார் யாருக்குச் சம்பந்தி, கோவில் கொடையில் யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் டீக்கடைக்கே தெரியும். நாளைக்கு ஒரு வழித்தகராறு அடிதடியாகி கேஸானால், 'எதிராளி மாஜிஸ்திரேட்டுக்கு மாமன் முறை' என்று ஒருத்தன் கிளப்பிவிட்டால் போதும். வெளி மாவட்டத்து ஆளே வரட்டும். நம் சாட்சிகள் பேசும் தமிழ் பிடிபட அவருக்கு ஒரு மாதம் ஆகும், ஆகட்டுமே.

அந்த இடத்தில் வேறொன்றை எழுதலாம். குழித்துறை, பத்மநாபபுரம், இரணியல் கோர்ட்டுகளிலிருந்து எந்தெந்தப் போலீஸ் ஸ்டேஷன் வழக்குகளைப் புதுக் கோர்ட்டுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது வரைவில் எங்கேயும் இல்லை. அப்புறம் உதவி அரசு வழக்கறிஞர், குமாஸ்தா, தட்டச்சர் பணியிடங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இவர்கள் இல்லாமல் நாற்காலி மட்டும் வந்து என்ன செய்ய?

நம்மில் அங்கே வக்கீல் தொழில் பார்ப்பவர்கள் யாராவது ஸ்டேஷன் பட்டியலைச் சரிபார்த்துத் தாருங்கள். 17ஆம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது. சித்தப்பா அன்றைக்கு எப்படியும் கோர்ட்டுக்குப் போகிறார், கையோடு கொடுத்துவிடுவார்.