மல்டியையும் சிமிலிஸையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள்

மல்டியும் (மல்டிஃபேசியேட்டஸ்) சிமிலிஸும் தொட்டியில் வளர்க்கும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் சின்னக் கோடு போட்ட மீன்கள். கடையில் மல்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் கவரைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தபோது சிலவற்றுக்கு மட்டும் உடம்புக் கோடு செவுள் மூடியைத் தாண்டிக் கண்ணுக்குப் பின்னால் வரை ஏறியிருந்தது. கோடு தலையில் ஏறினால் சிமிலிஸ், செவுளோடு நின்றுவிட்டால் மல்டிஃபேசியேட்டஸ். சின்னக் குஞ்சுகளில் இதைக் கண்டுபிடிப்பது சிரமம். கொஞ்சம் வளர்ந்த மீன் என்றால் பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும்.

இரண்டுமே ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி மீன்கள், காலி நத்தை ஓட்டில் குடியிருப்பவை. மல்டிக்கு 1906-லேயே பெயர் வைத்துவிட்டார்கள், சிமிலிஸை 1992-ல்தான் தனி இனமாக விவரித்தார்கள். அவ்வளவு நெருங்கிய சொந்தம். சேர்த்து விட்டால் கலப்புக் குஞ்சு வர வாய்ப்புண்டு. அப்புறம் அந்தக் குஞ்சுகளை என்ன பெயர் சொல்லி அடுத்தவருக்குக் கொடுப்பது? அன்றைக்கே இரண்டு தொட்டியாகப் பிரித்துவிட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்தான். பக்கெட்டில் வெள்ளையாகக் கறை படிய வைக்கும் எங்கள் போர் தண்ணீரின் பிஎச் 8-க்கு மேல். இந்த மீன்களுக்கு அதுதான் வேண்டும். உங்கள் ஊர்த் தண்ணீரை மட்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஓட்டுக்கு வயல் நத்தை ஓடுகளை நன்றாகக் கொதிக்க வைத்துப் போட்டேன். மீன் எண்ணிக்கையைவிட ஓடு நிறையவே இருக்கட்டும், குறைந்தால் சண்டைதான். அடியில் சலித்த நைஸ் மணல், இரண்டு அங்குலமாவது வேண்டும். கற்களாக இருந்தால் பாவம், தோண்ட முடியாது.

தோண்டுவதுதான் இவற்றின் முழுநேர வேலை. மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத பெண் மீன் வாய் நிறைய மணலை அள்ளும், எல்லை வரை போய்த் துப்பும், திரும்பி வரும். பக்கத்து வீட்டுக்காரி அந்த மணலைத் திருப்பி இந்தப் பக்கமே கொண்டுவந்து போடுவாள். பெரிய ஆண் குறுக்கே வந்து நின்றால்தான் இரண்டும் அடங்கும். நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது.

முட்டை ஓட்டுக்குள்ளேயே இடுவதால் நம் கண்ணுக்குப் படாது. ஒருநாள் ஓட்டு வாயில் ஊசி முனை அளவுக்குக் கண்கள் தெரியும், அவைதான் குஞ்சுகள். அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியாவை (மிகச் சின்ன உப்புநீர் இறால்) குழாயால் ஓட்டருகே விட்டால் போதும். பெரியவை தங்கள் கூட்டத்துக் குஞ்சுகளைத் தொந்தரவு செய்வதில்லை, அதனால் தனியாக எடுத்து வளர்க்கத் தேவையே இல்லை. மூன்று தலைமுறை ஒரே தொட்டியில் இருப்பது சாதாரணம். தண்ணீர் மாற்றும்போது குழாய் வாயில் மெல்லிய துணி கட்டிக்கொள்ளுங்கள், குஞ்சுகள் சட்டென்று உள்ளே போய்விடும்.

பிரிக்க வேண்டியிருந்தால் வலையோடு துரத்த வேண்டாம். பயந்ததும் ஓட்டுக்குள் போய்விடும் இல்லையா, அப்படியே ஓட்டோடு தூக்கி, புதுத் தொட்டித் தண்ணீருக்குச் சற்று மேலே வாய்ப்பகுதி கீழே பார்க்கப் பிடியுங்கள். உள்ளிருக்கும் நீர் வடிய வடிய மீன் தானாக இறங்கிவிடும். உலுக்கக் கூடாது.

இங்கே யாராவது சிமிலிஸ் வைத்திருந்தால் தலைக்கோடு தெரியும்படி ஒரு படம் போடுங்கள். மல்டி என்ற பெயரில் வாங்கியவர்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.