மாற்றுத்திறனாளி சேவைகள்: அரசு கொடுத்ததா, போராடி வாங்கியதா?

தண்டையார்பேட்டை செல்வம்:
"மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு எதுவுமே செய்ததில்லை" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி சுதந்திரத்துக்கு முன்பே வந்துவிட்டது. 2010-ல் தனித்துறை அமைத்தார்கள். 2023 ஜனவரியில் மாத உதவித்தொகை 1,000-லிருந்து 1,500 ஆனது. 2021-ல் வடசென்னையில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது, லிஃப்டோடு. இதெல்லாம் ஒன்றுமே இல்லையா?

காசிமேடு ரேவதி:
செல்வம் அண்ணா, இதெல்லாம் தானாக வரவில்லை. 1931-க்குப் பிறகு 1981 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்களை எண்ணவே இல்லை. 1981-ல் எண்ணினார்கள், 1991-ல் மறுபடி விட்டுவிட்டார்கள். எத்தனை பேர் என்றே தெரியாமல் திட்டம் எப்படிப் போடுவது? பலர் தெருவில் இறங்கிப் போராடித்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் வந்தது. அதிலும் பேருந்து, சாலை வசதியெல்லாம் 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று எழுதி வைத்தார்கள். காசில்லை என்று சொல்லித் தப்பிக்க அது போதாதா?

அப்புறம், அந்த லிஃப்ட். நான் சக்கர நாற்காலியில் போகிறவள். லிஃப்ட் சரியாகவே இறக்கிவிடுகிறது. வெளியே வந்தால் நடைபாதை நடுவில் மின்சாரப் பெட்டி, அதைத் தாண்டினால் முழங்கால் உயர விளிம்பு. கன்டெய்னர் லாரி போகிற சாலையில்தான் நாற்காலியை உருட்ட வேண்டும்.

செல்வம்:
அது கஷ்டம்தான் தங்கச்சி, மறுக்கவில்லை. ஆனால் நம் தெருக்களின் அகலம் உனக்கே தெரியும். மழை பெய்தால் முட்டியளவு தண்ணீர். சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி தரை தாழ்ந்த தாழ்தளப் பேருந்தை எங்கே ஓட்டுவது?

ரேவதி:
துறைமுகத்துக்குப் போகிற லாரிக்கு ஏற்ற மாதிரி சாலை போட முடிகிறது, பேருந்துக்கு மட்டும் முடியாதா? 2024-ல் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளுக்குக்கூட உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1995 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016 சட்டப்படி பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருடம் கெடு. விதிகள் 2017-ல் வந்தன. கெடு 2022-லேயே முடிந்துவிட்டது.

வண்ணாரப்பேட்டை இஸ்மாயில்:
இரண்டு பேருமே லிஃப்ட், பேருந்து, சாலையைத் தாண்டவில்லையே. 2016 சட்டம் மாற்றுத்திறன் வகைகளை 7-லிருந்து 21 ஆக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா எல்லாம் அதில் உண்டு. என் தம்பிக்குக் காது கேட்காது. அரசு ஆஸ்பத்திரி கவுன்டரில் பெயரைக் கூப்பிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு எண் பலகை வைத்தால் போதும், அதற்கு அகலமான தெரு தேவையில்லை.

செல்வம்:
இது நியாயம். 2025-ல் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டம் நிறைவேறியதே, இனி அவர்களே மன்றத்தில் கேட்கலாம். அரசு கொடுத்ததில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேவதி:
சேர்த்துக்கொள்கிறேன். மன்றத்துக்குப் போகிறவர் முதலில் அந்த மின்சாரப் பெட்டியைக் கேட்கட்டும், அடுத்து இஸ்மாயில் சொன்ன பலகையை.